பேசும் படத்திற் பேசாத மனிதர்

1927-ஆம் ஆண்டில் 'ஜாஸ் பாடகன்' வெளியானதோடு திரை பேசத் தொடங்கிற்று. அடுத்த ஐந்தாண்டுகளுள் ஹொலிவூட் பேய்ப்படங்களை வரிசையாக ஈன்றது. 'டிராகுலா'வும் 'பிராங்கென்ஸ்டைனும்' 1931-இல் வந்தன. 'மம்மி'யும் 'வெள்ளை ஸோம்பி'யும் 1932-இல் வந்தன. இவற்றை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவோர் உளர். ஆயினும், ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகின்றது, அவ்வச்சத்தை யாருடைய முகத்தில் ஒட்டுகின்றது என்பவற்றை அறிய இப்படங்கள் நல்ல சான்றுகளாகும்.

விக்டர் ஹால்பெரின் இயக்கிய 'வெள்ளை ஸோம்பி'யின் களம் ஹெயிட்டி. கறுப்பின அடிமைகள் பிரெஞ்சு ஆதிக்கத்தை முறியடித்து 1804-இல் சுதந்திர நாடாக்கிய மண் அது. 1915-இல் அங்கு இறங்கிய அமெரிக்கப் படை 1934 வரை அகலவில்லை. கிராமத்தவரைக் கூலியின்றி வீதி வேலைக்கு இழுத்தனர். எதிர்த்துப் போராடிய சார்ல்மேன் பெரால்த் 1919-இற் கொல்லப்பட்டான். அவ்வாட்சிக் காலத்திலேயே, 1929-இல், ஸீபுறூக் என்பவரின் பயணநூல் ஸோம்பிக் கதையை அமெரிக்க வாசகரிடம் கொண்டு சென்றது. புதைகுழியிலிருந்து எழுப்பப்பட்டுக் கரும்புத் தோட்டத்தில் உழைக்கும் பிணங்களின் கதை அது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அஞ்சியது பேய்க்கன்று. செத்த பின்னும் வேலை ஓயாதோ என்பதற்கே.

படத்தில் ஒரு சீனி ஆலை வருகின்றது. உணர்விழந்த மனிதர் கரும்பைச் சுமக்கின்றனர், செக்கைச் சுழற்றுகின்றனர். ஒருவன் தவறி இயந்திரத்துள் வீழ்கின்றான். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை, செக்கும் நிற்கவில்லை. இவர்கள் வேலைநேரம் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று ஆலைக்காரன் பெருமை பேசுகின்றான். ஆனால் படம் நம்மை நடுங்கச் சொல்வது இதற்கன்று. வெள்ளை மணப்பெண் ஒருத்தி இந்நிலைக்கு ஆளாவதே அதன் பெருங்கொடுமை. தலைப்பே அதைச் சொல்கின்றதன்றோ? முடிவில் அவள் மீள்கின்றாள். ஆலைத் தொழிலாளர் என்னவாயினர் என்பதைப் படம் கேட்கவில்லை. சட்டம் பயின்ற கறுப்பின நடிகர் கிளாரென்ஸ் மியூஸுக்குக் கிடைத்ததோ வண்டிக்காரன் வேடம்.

இன்னொரு முரணும் நோக்கத்தக்கது. ஆலைக்கார மந்திரவாதியாக நடித்த பெலா லுகோசி, 1919-இல் ஹங்கேரியப் புரட்சியின்போது நடிகர் சங்கம் அமைக்கப் பாடுபட்டு, அதன் வீழ்ச்சிக்குப்பின் நாட்டைவிட்டு ஓடியவர். தாய்வழியில் இந்தியக் கலப்புக் குடும்பத்தைச் சேர்ந்த பொறிஸ் கார்லோவ், 1932-இல் எகிப்தியப் பிணமாகவும் சீனக் கொடியவனாகவும் வேடமிட்டார். மறு ஆண்டிலேயே அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தை நிறுவியோருள் ஒருவரானார். பூச்சுக்குள் மறைந்திருந்தவனும் தொழிலாளியே.

பிலிமத்தலாவையிற் படிப்பிக்கும் எம்மனோர்க்கு அச்சீனி ஆலை அந்நியமன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இம்மலைகளுக்கு நடந்து வந்தோர் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் கங்காணியின் 'தலைக்காசு'க் கணக்கில் எண்ணிக்கையாயினர். தேயிலைக் காலத்திலும் அவர் வழிவந்தோரின் உழைப்பு ஓயவில்லை. ஆயினும் 1948-இல் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோயிற்று. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆதலின், பேய்ப்படம் பார்க்கும் மாணவரைத் தடுக்க வேண்டியதில்லை. யார் பேசுகின்றார், யார் சுமக்கின்றார், வீழ்ந்தவனுக்காகச் செக்கு ஏன் நிற்கவில்லை என்று கேட்கப் பழக்கினாற் போதும். அக்கேள்வி கொட்டகைக்கு வெளியேயும் அவர்களோடு நடந்து வரும்.