சீட்டாட்டத்தில் பிறந்த கணக்கு



சோறு வெந்ததா என்று பார்க்க நம் வீட்டுப் பெண்கள் பானை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. அகப்பையால் ஒருமுறை கிளறி, நாலு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுத்த இடத்திலும் இதே முறைதான் இருந்தது. வாளிப் பாலில் கொஞ்சம் மாதிரி எடுத்து, அதில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்ப்பார்கள். அதை வைத்தே வாளி முழுவதற்கும் கணக்கு எழுதுவார்கள். சரியாகக் கலக்காமல் மாதிரி எடுத்தால் பால் வெட்டியவரின் கூலியே பிசகிவிடும். ஆகவே மாதிரி எடுப்பது சின்ன விஷயமன்று. அந்த முறை அறிவியல் உலகில் எப்படி வளர்ந்தது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

1777ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பூஃபோன் ஒரு கணக்கை வெளியிட்டார். சம இடைவெளியில் கோடுகள் போட்ட தரையில் ஓர் ஊசியைப் போட்டால், அது கோட்டின்மேல் விழ எவ்வளவு வாய்ப்பு உண்டு? ஊசியின் நீளமும் கோடுகளின் இடைவெளியும் ஒன்றாக இருந்தால், 100 தடவையில் ஏறக்குறைய 64 தடவை கோட்டைத் தொடும் என்பது விடை. குருட்டாம்போக்கில் விழுவது போலத் தோன்றும் ஊசிக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

இப்போது அமெரிக்காவுக்குச் செல்வோம். 1946ஆம் ஆண்டு. போலந்தில் பிறந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம் கடும் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பொழுது போகத் தனியாகச் சீட்டு விளையாடினார். இந்த ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வகைகள், 8 போட்டு அதன் பின்னே 67 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணுக்கும் சற்று அதிகம். அத்தனையையும் யாரால் எண்ண முடியும்? அதற்குப் பதிலாக, சீட்டை நன்றாகக் குலுக்கி 100 ஆட்டம் ஆடி, எத்தனை வென்றது என்று பார்த்தால் போதுமே என்று அவர் எண்ணினார்.

உலாம் இந்த யோசனையை நண்பர் ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். லாஸ் அலமோஸ் என்னும் இடத்தில் நடந்த அணு ஆயுத ஆராய்ச்சியில் இருவருக்கும் பங்கு உண்டு. நியூட்ரான் என்னும் நுண்துகள் உலோகத்துக்குள் எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் சீட்டுக் குலுக்குவதுபோல எண்களைக் கொண்டு தீர்மானித்து, பல துகள்களின் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். 1948இல் எனியாக் என்னும் கணினி இந்த வேலையைச் செய்தது. அதற்கான கட்டளைகளை எழுதியவர்களில் வான் நாய்மனின் மனைவி கிளாராவும் ஒருவர். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் இம்முறைக்கு மாண்டி கார்லோ என்று பெயர் வந்தது.

அழிவுக்கருவிக்காக வளர்ந்த இந்தக் கணக்கு, பிறகு படம் வரையவும் வந்தது. நாம் ஒரு பொருளைப் பார்க்கிறோம் என்றால், விளக்கின் ஒளி அதன்மீது பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது என்று பொருள். கணினிக்காரர்கள் அதே வழியில் பின்னோக்கிப் போனார்கள். விளக்கு வீசும் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அதையெல்லாம் தொடர்வது வீண் வேலை. ஆகவே கண்ணிலிருந்து கதிரை அனுப்பி, அது எதில் படுகிறது, அங்கிருந்து விளக்குக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். வழி மறைந்தால் அங்கே நிழல். 1968இல் ஆர்தர் ஆப்பல் இதைச் செய்து காட்டினார். 1980இல் டர்னர் விட்டெட் கண்ணாடியிலும் பளபளப்பிலும் கதிர் திரும்பிச் செல்வதையும் சேர்த்தார். அவருடைய ஒரு படத்துக்குக் கணினி 74 நிமிடம் உழைத்தது.

ஆனால் அந்தப் படங்களில் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தது. உண்மையான நிழலின் ஓரம் மங்கலாகவே இருக்கும். 1984இல் ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்ப்பென்டர் மூவரும் விளக்கின் ஒரே புள்ளியை நோக்காமல், அதன் பல இடங்களுக்குக் குலுக்கல் முறையில் கதிர்களை அனுப்பிச் சராசரி எடுத்தார்கள். நிழல் இயற்கையாக வந்தது. 1986இல் ஜேம்ஸ் கஜியா, ஒளி போகும் எல்லா வழிகளையும் ஒரே சமன்பாட்டில் அடக்கி, மாண்டி கார்லோ முறையால் அதற்கு விடை காணும் வழியையும் காட்டினார். இன்று திரைப்படங்களில் கணினி வரையும் காட்சிகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும்போது உடலுக்குள் எவ்வளவு கதிர் சேரும் என்று கணிக்கவும் இதே முறை உதவுகிறது.

நேயர்களே, இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரிகளை நான்கு மடங்காக்க வேண்டும். 100 ஆட்டம் ஆடியவர் 400 ஆட வேண்டும். கதிர்கள் குறைந்தால் படத்தில் மணலை வாரி இறைத்ததுபோலப் புள்ளிகள் தெரியும். இன்னொன்றும் உண்டு. சீட்டைச் சரியாகக் குலுக்காவிட்டால், எத்தனை ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் விடை பொய்யாகவே இருக்கும்.

ஆகவே, மாதிரி எடுத்துப் பார்த்தோம், கணக்கு இதுதான் என்று யாராவது சொன்னால், நம் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கப் பழக வேண்டும். எத்தனை எடுத்தீர்கள்? எடுக்கும் முன் நன்றாகக் கலக்கினீர்களா? பால் நிறுக்கும் இடத்தில் நம் பெரியவர்கள் வாளிக்குப் பக்கத்திலேயே நின்று கவனித்தது இதைத்தான்.