வெற்றிலைத் தட்டும் நுண்ணோக்கியும்: வாய்ப் புற்றுநோயை முன்னறியும் முயற்சியின் வரலாறு

சுங்கை பாக்காப்பைச் சூழ்ந்த நிலங்களில் முதலில் கரும்பும் பின்னர் இரப்பரும் விளைந்தன. அங்கு உழைக்க வந்த நம் முன்னோர் தம் தெய்வங்களோடும் பாடல்களோடும் வெற்றிலைப் பழக்கத்தையும் கொண்டுவந்தனர். திருமண வீட்டில் தாம்பூலம் மங்கலப் பொருள். தோட்டத்திலோ அது பசியையும் அயர்வையும் மறக்கச் செய்த துணை. அப்பழக்கம் வாயின் உயிரணுக்களில் விளைவித்த கேட்டை மருத்துவ உலகம் எவ்வாறு படிப்படியாகக் கண்டறிந்தது என்பதை இவ்வுரையில் நாம் காண்போம்.

இவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் எழுதப்பட்டது. அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரிடையே காணப்பட்ட வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். மலேசியத் தீபகற்பத்தின் நிலையைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கே. இராமநாதன் 1970-களில் ஆராய்ந்தார். இனவாரியாக ஒப்பிட்டபோது, இந்தியரிடையே இந்நோய் மிகுதி என்பது தெளிவாயிற்று. கடல் கடந்த பின்னும் பழக்கமும் நோயும் பிரியவில்லை. ஆயினும் இவ்வறிஞர்கள் கண்டவை பெரும்பாலும் முற்றிய புண்களே. புண் தோன்றுமுன் அறிய வழியுண்டா என்பதே அடுத்த வினாவாக அமைந்தது.

அதற்குரிய கருத்து ஜெர்மனியில் முன்னரே பிறந்திருந்தது. குரோமோசோம்களில் நேரும் பிறழ்வே புற்றுநோயின் மூலம் என 1914-இல் தியோடர் பொவேரி கூறினார். 1924-இல் இராபர்ட் ஃபியூல்கன், டி.என்.ஏ.வை மட்டும் செந்நீலமாகக் காட்டும் சாய முறையைக் கண்டறிந்தார். 1982-இல் கனடாவின் ஹான்ஸ் ஸ்டிச்சும் அவர்தம் துணைவரும், வெற்றிலை மெல்வோரின் கன்னத்து உட்புறத்திலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 'நுண்ணுட்கரு' மிகுந்திருப்பதை வெளியிட்டனர்.

நுண்ணுட்கரு என்பது யாது? உயிரணு பிரியும்போது முறிந்த குரோமோசோம் துண்டோ பின்தங்கிய முழுக் குரோமோசோமோ முதன்மை உட்கருவில் சேராமல் தனித்துச் சிறு உருண்டையாக நின்றுவிடும், அதுவே நுண்ணுட்கரு. இச்சேதம் தோலிழையின் அடியடுக்கில் நேர்கிறது. அவ்வுயிரணுக்கள் மேற்பரப்பை அடைய ஏறத்தாழ 1 முதல் 3 வாரங்கள் ஆகும். ஆதலின் இன்று சுரண்டியெடுக்கும் உயிரணு, சில வாரங்களுக்கு முன் நேர்ந்த சேதத்துக்குச் சான்றாகிறது. கத்தி வேண்டா; வலியும் இல்லை. 1988-இல் நரேந்திர சிங்கும் பிறரும் செம்மைப்படுத்திய 'வால்மீன் சோதனை' மற்றொரு வழி. மின்புலத்தில் வைக்கும்போது முறிந்த டி.என்.ஏ. வால்போல் நீளும், வால் நீண்டால் சேதம் மிகுதி என்பது பொருள்.

எனினும், சேதம் வேறு, நோய் வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது. புகை, மது, கதிர்வீச்சு, சத்துக் குறைவு ஆகியனவும் நுண்ணுட்கருவைப் பெருக்கும். அதன் எண்ணிக்கை இடரின் அளவைக் காட்டலாம். இன்னாருக்குப் புற்றுநோய் உண்டு என்று தீர்ப்புரைக்காது. அத்தீர்ப்பு திசுச் சோதனைக்கே உரியது.

உயிர்களைக் காத்த முறையாக இதுவரை மெய்ப்பிக்கப்பட்டது இவற்றினும் எளியது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நலப் பணியாளர் வீடுதோறும் சென்று வாயைக் கண்ணால் நோக்கினர். 2005-இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. நுண்ணோக்கியின் வரலாறு நீண்டது; ஆயினும் முதற்காவல் இன்றும் கண்ணே. நுண்சோதனைகள் அக்கண்ணுக்குத் துணையாக வளர வேண்டியவை.

புகையிலை சேராத வெற்றிலையும் தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் விளைவிப்பன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முடிவு செய்துவிட்டது. தாம்பூலத்தை ஏந்தி வரவேற்பது நம் பண்பு. அதனை நாள்தோறும் மெல்வது அப்பண்பின் கட்டளையன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் இல்லத்து முதியோரிடம் இவ்வரலாற்றைக் கூறுக. வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ தோன்றின், வலியில்லையே என்று வாளாவிராமல் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரும்வரை காத்திருந்ததே நம் பாட்டிமார் பலரின் துயரம்.