வாசாஹரீதகியும் காகித வில்லையும்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்தது. 1915இல் தொல்லியல் துறை படியெடுத்தது.

அதில் ஓர் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி வருகிறது. 15 படுக்கை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர இரண்டு ஆட்கள். கூடவே, ஓராண்டுக்கு இருப்பு வைக்க சுமார் 20 மருந்துகளின் பட்டியல். அதில் ஒன்று வாசாஹரீதகி. வாசா என்றால் நம்ம ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய்.

உடனே 'சோழர் காலத்திலேயே ஆன்டிபயாட்டிக்' என்று ஃபார்வர்டு போட்டுவிடலாம். ஆனால் கல்வெட்டு சொல்வது மருந்தின் பெயரும் அளவும்தான். எத்தனை பேர் குணமானார்கள் என்ற கணக்கு அதில் கிடையாது.

ஆடாதோடை இலைக்குள் என்ன இருக்கிறது என்று வேதியியல் வழியில் பார்த்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் அரசு வேலையில் சிங்கோனா பட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1888இல் இந்த இலையிலிருந்து வசிசின் என்ற பொருளைப் பிரித்தார். அதன் வழியில் வந்த புரோம்ஹெக்சின் 1960களில் மருந்தானது. இன்றைக்கும் இருமல் சிரப்பில் இருக்கிறது. அதன் வேலை சளியை இளக்குவது.

இப்போது கல்லூரி ஆய்வகங்களில் இலைச்சாற்றை எப்படிச் சோதிக்கிறார்கள்? தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு நனைத்த 6 மி.மீ. காகித வில்லையை வைத்து, ஓர் இரவு 37 டிகிரியில் விடுவார்கள். வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் விழுந்தால் அதன் விட்டத்தை அளப்பார்கள். பக்கத்திலேயே வெறும் ஆல்கஹால் நனைத்த வில்லை ஒன்றும் இருக்கணும். இல்லையென்றால் பாக்டீரியாவைக் கொன்றது இலையா, அதைக் கரைத்த ஆல்கஹாலா என்று தெரியாது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

வட்டம் விழுந்தாலும், தட்டில் வேலை செய்த அளவு உடம்பில் எட்டுமா, உடம்பு தாங்குமா என்பது தனிக் கேள்வி. வட்டமே விழாத இலையும் சளியை இளக்கலாம். கிருமியைக் கொல்வது ஒரு வேலை, இருமலைத் தணிப்பது இன்னொரு வேலை.

இந்த வித்தியாசம் நம்ம பக்கத்துக் கிராமங்களில் உயிர் சம்பந்தப்பட்டது. ஆடாதோடை கஷாயம் குடித்து இருமல் தணிந்ததாலேயே காசநோய்க் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால், கஷாயம் குடிக்கிறீர்களோ இல்லையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசு கிடையாது. 950 வருஷத்துக்கு முன்னால் அந்த ஆதுலசாலைக்குக் கிடைக்காத வசதி அது.