க்ஷயரோகமும் இன்டர்பெரானும்

பண்ருட்டியின் பலாத் தோப்புகளிலும் முந்திரிக் கொல்லைகளிலும் உழைப்பவர்க்கு க்ஷயம் கண்டால் சானடோரியம் என்னும் க்ஷய மருத்துவ விடுதியில் இடம் கிடைக்குமா என்று ஏங்கவேண்டியதில்லை என்னும் நிலையை உண்டாக்கியது, 1956இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையமேயாகும். 193 நோயாளிகளைக்கொண்டு நிகழ்த்திய பரிசோதனையில், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியவாசிகளுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர் என்பதை 1959இல் அது உலகிற்கு அறிவித்தது.

அந்நிலையத்திற்குத் துணைநின்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் லண்டன் ஆய்வுக்கூடத்தில்தான், 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் விஞ்ஞானிகள், வைரஸைத் தடுக்கும் இன்டர்பெரான் என்னும் பொருளைக் கண்டனர். க்ஷயத்தை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது பிற்காலத்திலேயே விளங்கிற்று. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த எலியின் விழுங்கணுக்களுக்கு அதன் ஒரு வகையான காமா இன்டர்பெரானை ஊட்டினால், அவை தம்முள் புகுந்த க்ஷயக்கிருமியின் பெருக்கத்தை அடக்குகின்றன. மனித அணுக்களிலோ அப்பலன் அத்தனை தெளிவாய்க் காணப்படவில்லை. முதல்வகை எனப்படும் மற்றோர் இன்டர்பெரானோ பல சமயங்களில் நோய்க்கே அனுகூலமாகிவிடுகிறது! ஒரே குலத்துப் பொருள்கள் இங்ஙனம் எதிரெதிராய் இயங்குவது என்னை வியப்பில் ஆழ்த்துகிறது.

காமா இன்டர்பெரானைச் சுரக்கும் அணுக்களைப் பயிற்றுவிப்பது க்ஷயத் தடுப்பூசியான பி.சி.ஜி. ஆயினும், 1968இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய மாபெரும் பரிசோதனை, பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்றே காட்டியது. கலத்தில் கண்டதைக் கொண்டு மனித தேகத்தைத் தீர்மானித்துவிடலாகாது.

ஆகவே, ஊசியை மட்டும் நம்பியிராமல், இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், அன்பர்கள் தாமதியாமல் அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.