கோத்தா கெலாங்கி: ஆய்விதழ்க் கருத்தும் அதன் மறுப்பும்

சிங்கப்பூரில் 1878-இல் தொடங்கப்பெற்று, இன்று ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் மலேசியக் கிளை வெளியிட்டுவரும் ஆய்விதழில், ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதிக் காட்டினுள் கோத்தா கெலாங்கி என்னும் தொன்னகர் மறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர் ராய்மி செ-ரோஸ் 2004-இல் எழுதினார். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு கூறும் கருங்கற்கோட்டையும், சோழப் பேரரசன் முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பும் அக்கருத்தோடு இணைக்கப்பட்டமையால், 2005-இல் அது நாளிதழ்களில் பெருஞ்செய்தியாயிற்று. எனினும் அரசுத் தொல்லியல் குழு தேடியும் தடயம் கிட்டவில்லை என 2006-இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வாறு உறுதிப்படாத கட்டுரையை என்செய்வது என்னும் கேள்வி எழுகிறது. ஆய்விதழ் மரபில், முடிவைப் பாதிக்காத பிழையைச் சரிசெய்வது திருத்தக் குறிப்பு எனவும், மோசடியாலோ நேர்மையான தவற்றாலோ முடிவுகளே நம்பத்தகாதவையாகும்போது கட்டுரையை அழிக்காமல், அது நம்பத்தகாதது என்னும் குறிப்போடு நிலைநிறுத்துவது மீளப்பெறல் எனவும் வழங்கும். பிரித்தானியாவில் 1997-இல் உருவான வெளியீட்டு நெறிமுறைக் குழு, மீளப்பெறலுக்குரிய வழிகாட்டு நெறிகளை 2009-இல் வகுத்தது. நேர்மையாக முன்வைக்கப்பட்டு, களத்தில் உறுதிப்படாத கருதுகோளுக்கு உரிய விடை மீளப்பெறலன்று, மறுப்புக் கட்டுரையே. அம்மறுப்பு நாளிதழ்ச் செய்தியாக மட்டும் நின்றுவிடுமாயின், பழைய இதழைப் புரட்டும் மாணவருக்கு அது எட்டுவதில்லை.