பேட்டையும் மகமையும்

புனே நகரில் நாம் எத்திசையில் சென்றாலும் ஒரு 'பேட்' எதிர்ப்படுகிறது. கஸ்பா பேட், ரவிவார் பேட், பவானி பேட், நானா பேட் என்று வரிசை நீண்டு செல்கிறது. மராத்தியர் பேட் என்பதும் நாம் பேட்டை என்பதும் ஒன்றே. வணிகர் கூடி வாணிகம் செய்யும் இடம் என்பதே இரண்டிற்கும் பொருள். சைதாப்பேட்டையையும் ராணிப்பேட்டையையும் விட்டு வந்த நாம் இங்கும் பேட்டைவாசிகளாகவே வாழ்கிறோம்!

இப்பேட்டைகள் தாமாக முளைத்தவை அல்ல. பேஷ்வாக்கள் காலத்தில் பேட்டை அமைப்பதற்கென்று ஷேட்டே, மகாஜன் என்னும் இரு அதிகாரிகள் இருந்தனர். வெளியூர் வணிகரை அழைத்துவந்து குடியமர்த்துவதும், கடைத்தெருவின் ஒழுங்கைக் காப்பதும் அவர்கள் பொறுப்பு. புதிதாக வந்த வணிகருக்குச் சில ஆண்டுகள் வரி நீக்கி உறுதிச் சீட்டு வழங்குவதுண்டு. அதற்குக் கௌல் என்று பெயர். நம் நாட்டுப் பழைய பத்திரங்களில் காணும் 'கவுல்' அதுவே. இவ்வூழியத்திற்கு ஈடாக, கடைகளிலிருந்து தானியமாகவோ வேறு சரக்காகவோ அவர்கள் சிறு பங்கு பெற்று வந்தனர். கடைத்தெரு கொடுத்ததைக் கொண்டே கடைத்தெருவைப் பேணிய பழைய வழி இது எனலாம். எனினும் அவ்வுரிமை தந்தைக்குப்பின் மகனுக்குச் செல்லும் பரம்பரைச் சொத்தாக இருந்தமையால், அதனைப் பொதுநிதி என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீருக்கு அரசே வழிசெய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகருக்கு நீர் கொணர்ந்தார். பேட்டைகள் பலவற்றில் 'ஹௌத்' எனப்படும் தொட்டிகள் நிரம்பின. தொட்டி பொதுவாயினும் அதில் மொண்டு குடிக்கும் உரிமை எல்லோர்க்கும் பொதுவாக இல்லை. 1868-ஆம் ஆண்டில் ஜோதிராவ் ஃபுலே தம் வீட்டுத் தொட்டியைத் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். பொது வசதி என்னும் சொல்லுக்கு இந்நகரில் உண்மைப் பொருள் பிறந்தது அன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதே ஃபுலே 1876 முதல் சில ஆண்டுகள் நகரசபை உறுப்பினராக வீற்றிருந்தார். அக்காலத்தில் சனிவார் வாடாவின் முன்னுள்ள திறந்தவெளியில் காய்கறிச் சந்தை கூடிற்று. அதற்குப் பெரிய கட்டடம் ஒன்று எழுப்பும் யோசனை எழுந்தபோது ஃபுலே எதிர்த்தார். அத்துணைப் பொருளை ஏழைக் குழந்தைகளின் கல்விக்குச் செலவிடலாகாதா என்பது அவர் கட்சி. அவர் சொல் எடுபடவில்லை. 1886-இல் மார்க்கெட் திறக்கப்பெற்று, பம்பாய் கவர்னர் ரே பிரபுவின் பெயரைத் தாங்கியது. நாம் காய்கறி வாங்கச் செல்லும் மண்டயி, எண்கோணக் கோபுரத்துடன் நிற்கிறதே, அதுதான்.

கட்டடத்தை நான் குறை கூறவில்லை. வெயிலிலும் மழையிலும் கூடை வைத்து விற்றவர்களுக்கு அது நிழல் தந்தது. நகரசபை கட்டிற்று, கடைக்காரர் வாடகை செலுத்தினர். ஆனால் இன்றும் மண்டயியைச் சுற்றித் தரையில் கூடை பரப்பி விற்போரைக் காண்கிறோம். எல்லோருக்கும் உள்ளே இடமில்லை. வரலாற்றிற்கும் நகைச்சுவை உண்டு போலும். பிற்காலத்தில் ஆசார்ய அத்ரே நகரசபையில் இருந்தபோது, அம்மார்க்கெட்டுக்கு மகாத்மா ஃபுலேயின் பெயரே சூட்டப்பெற்றது!

கனடா நாட்டு டொராண்டோ நகரில் வேறொரு வழி கண்டனர். 1960-களில் புளூர் வீதியின் கீழே சுரங்க ரயில் ஓடத் தொடங்கவே, டிராமில் வந்திறங்கிய கூட்டம் குறைந்து கடைகள் வாடின. (ரயில்வேக்காரனாகிய நான் இதைச் சற்றுக் கூச்சத்துடன் எழுதுகிறேன்.) விரும்பியவர் மட்டும் சந்தா கொடுத்தால், கொடாதவரும் பயனை அனுபவிப்பர் அன்றோ? ஆகவே வட்டாரத்து வியாபாரிகள் அனைவரும் செலுத்தவேண்டிய கட்டணம் ஒன்றை விதிக்கச் சட்டம் வேண்டினர். 1970-இல் அது அமைந்தது. நகரசபை வரியோடு சேர்த்து வசூலித்து, வியாபாரிகளின் குழுவிடம் ஒப்படைக்கும். விளக்கும் மரமும் இருக்கையும் அப்பணத்தில் அவ்வீதிக்கே வந்தன. இதனை ஆங்கிலத்தில் பிஸினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்பர். பிற நாடுகளிலும் இம்முறை பரவியுள்ளது. கொடுப்பவர் கையிலேயே நிர்வாகம் இருப்பது இதன் சிறப்பு. வீதியில் நடப்பவர், கூடை வைத்து விற்பவர் ஆகியோரின் குரல் அக்குழுவில் தாழ்ந்தே ஒலிப்பது இதன் குறை.

சட்டம் ஏதுமின்றியே நம் தென்பாண்டி நாட்டு வணிகர் இதனை நடத்திக் காட்டினர். விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் உறவின்முறையார் ஒவ்வொரு வியாபாரியின் சரக்கிலிருந்தும் ஒரு சிறு பகுதியை 'மகமை' என்று வாங்கிப் பொதுநிதியில் சேர்த்தனர். வண்டிகள் தங்குவதற்குப் பேட்டையும் கிணறும் அதனால் அமைந்தன. அதுவும் ஒரு சமூகத்தாரின் நிதியே. அதன் எல்லையும் அவ்வளவே. ஆயினும் புனேயில் ஃபுலே கேட்ட கேள்விக்கு விருதுநகர் கடைத்தெரு வேறு விடை கூறிற்று. பேட்டையோடு நில்லாமல், 1880-களில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியையும் எழுப்பினர். வீடுதோறும் பிடி அரிசி சேர்த்து அதனை வளர்த்தனர்.

1903-இல் அவ்வூரில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் படித்தவர். தந்தை மறைந்தமையால் படிப்பை இடையில் விட நேர்ந்தது. முதலமைச்சரான பின்னர் 1956-இல் அவர் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்பொழுதும் அரசு மானியம் ஒருபுறமிருக்க, மறுபுறம் அந்தந்த ஊர் மக்களிடமிருந்து அரிசியும் காசும் திரட்டியே பிள்ளைகளுக்குச் சோறு போட்டனர்.