வயலோரம் கரை ஒதுங்கிய கப்பல் பெட்டி

செகிஞ்சானுக்கு நெல் வயல் பார்க்கப் போகிறவர்கள் இப்போது பெட்டி பார்க்கவும் போகிறார்கள். கப்பலில் சரக்கேற்றும் கண்டெய்னருக்குக் கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே கட்டில் போட்டு, வயலோரம் நிறுத்தியிருக்கிறார்கள். அங்குள்ள 'பாடி பாக்ஸ்' இந்த வகைத் தங்குமிடம்தான். கோல சிலாங்கூரில் மின்மினி பார்த்துவிட்டு, தஞ்சோங் காராங்கைத் தாண்டி வந்து ஓர் இரவு இரும்புப் பெட்டிக்குள் படுத்து எழுந்தால்தான் விடுமுறை நிறைவடைகிறது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கிள்ளானிலிருந்து லோரியில் என்று பதில் வரும். அது கடைசி இரண்டு மணி நேரத்துக் கதை. முந்தைய கதை இருநூறு வருஷத்தைத் தொடுகிறது.

முதலில் அதன் சுவரைப் பாருங்கள். மேலும் கீழுமாக அலையலையாக மடிந்த தகடு. மெல்லிய இரும்புத் தகட்டை அப்படி மடித்தால் பலமடங்கு விறைப்பு வந்துவிடும் என்று கண்டு 1829-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பாமர். அவர் வீடு கட்டுகிறவர் அல்லர். லண்டன் கப்பல்துறை நிறுவனத்தின் பொறியாளர். சரக்குக் கொட்டகைக்குக் கூரை போடத்தான் இந்த யோசனை. ஆக, கண்டெய்னரின் சுவர் பிறந்ததே துறைமுகத்தில்தான்.

சரக்குக்குப் போட்ட கூரைக்கு அடியில் மனிதர் குடியேற அதிக நாள் ஆகவில்லை. 1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. மெல்போர்னில் ஆட்கள் வந்து குவிந்தார்கள், வீடு இல்லை. இங்கிலாந்து வியாபாரிகள் அலைத்தகட்டு வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். தெற்கு மெல்போர்னில் அப்படிப்பட்ட இரும்பு வீடுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நமக்குச் சுவையான செய்தி இன்னொன்று. அதே காலத்தில் சிங்கப்பூரில் சீனத் தச்சர்கள் உள்ளூர் மரத்தை அறுத்து, துண்டுகளுக்கு அடையாளம் இட்டு, முழு வீடுகளையே மெல்போர்னுக்கு அனுப்பினார்கள். 'சிங்கப்பூர் குடில்' என்று அங்கே பெயர். அவற்றிலும் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. வீட்டைக் கப்பலேற்றும் தொழில் நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

ரப்பர் காலம் வந்தபோது அதே அலைத்தகடு வடக்கு சிலாங்கூருக்கு வந்து லயத்தின் தலைமேல் உட்கார்ந்தது. லயமும் ஊர் சுற்றி வந்ததுதான். பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பு, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தியானத்தில் அந்தத் தகரம் என்ன செய்யும், ராத்திரி மழை பிடித்தால் பேச்சு எப்படிக் காதில் விழாமல் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அதே காலத்தில் அதே வட்டாரத்தில் வீட்டை ரசனைக்குரிய பொருளாகப் பார்த்தவர் ஒருவரும் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே. 1905-இல் மலாயாவுக்கு வந்து, கோல சிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டு, தனக்கென்று ஒரு வீடும் கட்டி அதற்குப் 'பனைகளின் இல்லம்' என்ற பொருளில் பிரெஞ்சுப் பெயர் சூட்டினார். சுமத்ராவில் அட்ரியன் ஹாலே என்பவரிடமிருந்து கிடைத்த செம்பனை விதைகளை முதலில் அழகுக்காகத்தான் நட்டார். பிறகு 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அதையே பயிராக்கினார். மலேசியாவின் செம்பனை வியாபாரம் அங்கிருந்து கிளம்பியது. துரை எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. தோட்டத்தில் தங்குவதை அனுபவமாக எழுதி உலகத்துக்கு விற்றவர் அவர். லயத்தில் இருந்தவர்களுக்கோ அறை என்பது கங்காணி காட்டிய கதவு.

தோட்டத்து ரப்பர் மரப்பெட்டியில் ஏறி, 1901-இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போனது. கப்பலில் ஒவ்வொரு பெட்டியையும் ஆள்தான் ஏற்ற வேண்டும், ஆள்தான் இறக்க வேண்டும். உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லோரிக் கம்பெனி முதலாளிக்கு இது பொறுக்கவில்லை. லோரியின் பின்பாகத்தை அப்படியே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றை வாங்கி மேல்தளத்தைத் திருத்தி, 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கப்பலின் பெயர் ஐடியல் எக்ஸ். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலத்தில், இந்த முறையில் 16 சென்ட்கூட ஆகவில்லை.

மெக்லீனிடம் இருந்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் பெட்டியின் எட்டு மூலைகளுக்கும் துளை வைத்த வார்ப்பு எஃகு முனை செய்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருகிப் பூட்டலாம், கிரேனால் தூக்கலாம். மெக்லீன் அந்தக் காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தார். அந்தத் தாராளம் இல்லாவிட்டால் நாட்டுக்கு ஓர் அளவில் பெட்டி இருந்திருக்கும். 1960-களின் பிற்பாதியில் அனைத்துலகத் தர அளவு வந்தது. எட்டடி அகலம், இருபதடி அல்லது நாற்பதடி நீளம். செகிஞ்சானில் உங்கள் கட்டில் ஏன் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் அந்த எட்டடி. உள்ளே அளந்தால் ஏழே முக்காலடிகூட இருக்காது. லோரி சாலையில் போக வேண்டிய அகலத்தை வைத்து முடிவான அறை அது.

பெட்டியை உலகெங்கும் பரப்பியது வியட்நாம் போர். மெக்லீனின் கப்பல்கள் அமெரிக்கப் படைக்குச் சாமான் கொண்டுபோய் காம் ரான் குடாவில் இறக்கின. திரும்பும்போது பெட்டிகள் காலி. சும்மா போவானேன் என்று வழியில் ஜப்பானில் நிறுத்தி, அங்கிருந்த சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். ஜப்பானியச் சரக்கு அமெரிக்காவை நிறைத்ததற்கு இந்தக் காலிப் பெட்டிகளும் ஒரு காரணம். அதே போர்க்களத்தில், ராணுவத்தின் சிறிய 'கோனெக்ஸ்' இரும்புப் பெட்டிகளை மணல் மூட்டையால் மூடி, சிப்பாய்கள் பதுங்கவும் படுக்கவும் செய்தார்கள். சரக்குப் பெட்டிக்குள் படுத்தவர்களில் மூத்தவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்லர்.

போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. அடுத்த வருஷமே கண்டெய்னர் முனையம் வந்தது. 1986-இல் அந்த முனையம் தனியார் கைக்குப் போனது. இன்று ஆண்டுக்கு இருபதடிப் பெட்டிக் கணக்கில் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் அங்கே கையாளப்படுகிறது. நம் பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கிய அதே துறையில் இன்று இறங்குகிறவை பெட்டிகள். கடலில் பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த பெட்டியைக் கப்பல் கம்பெனி கழித்துவிடும். சரக்கு ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் போகிற ஊர்களில் காலிப் பெட்டி மலையாகக் குவியும். விற்பதற்கு ஆள் தேடுவார்கள். பெட்டி வீட்டின் ரகசியம் இந்தக் கழிவுச் சரக்கில்தான் இருக்கிறது.

கழிவை வீடாக்கலாம் என்று காகிதத்தில் எழுதியவர்கள் பலர். நிக்கோலஸ் லேசி என்ற ஆங்கில மாணவர் 1970-இல் ஆய்வேட்டில் எழுதினார். அமெரிக்கரான ஃபிலிப் கிளார்க் 1987-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1989-இல் பெற்றார். லேசிக்குத் தன் யோசனையைக் கண்ணால் பார்க்க முப்பது வருஷம் பிடித்தது. 2001-இல் லண்டனின் டிரினிட்டி பாய் வார்ஃபில் 'கண்டெய்னர் சிட்டி' எழுந்தது. அதுவும் பழைய கப்பல்துறைதான். பாமரின் தகடு பிறந்த ஊர். அடுத்து ஆம்ஸ்டர்டாமில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர் அறைகள். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கடைத்தெருவே பெட்டியில் வந்தது. நம் நாட்டில் 2014-இல் திறந்த கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் கண்டெய்னருக்குள் கூடு கூடாகப் படுக்கை வைத்தார்கள். கூட்டுப் படுக்கை 1979-இல் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா செய்தது, பெட்டி அமெரிக்கருடையது. இரண்டையும் ஒட்டுப் போட்டது நாம். அங்கிருந்து செகிஞ்சான் வயலுக்கு எவ்வளவு தூரம்?

ஆனால் பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் அறை ஆகிவிடாது. நம் வெயிலில் சும்மா நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் பகலில் கால் மணி நேரம் உட்கார முடியாது. செய்கிறவர்கள் உள்ளே வெப்பம் தடுக்கும் பஞ்சோ நுரையோ அடைத்து, அதன்மேல் பலகை அடிப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் பெட்டிக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை போட்டுவிடுவார்கள். இடையில் காற்று ஓடினால் பாதிச் சூடு குறையும். ஜன்னலுக்குச் சுவரை வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாரம் தாங்குவது நான்கு மூலைத் தூண்கள் என்றாலும், பெட்டி கோணாமல் பிடித்து வைத்திருப்பது அந்த அலைத்தகடுதான். பெரிதாக வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். வயலைப் பார்த்த அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு விலை கண்ணாடியில் மட்டும் இல்லை.

காலடிக்கும் கவனம் வேண்டும். கண்டெய்னரின் தரை 28 மில்லிமீட்டர் கனத்த ஒட்டுப்பலகை. நெடுங்காலமாக அதற்கு விரும்பி எடுத்த மரம் கெருயிங், நம் காட்டு மரம். ஆஸ்திரேலியாவின் பூச்சிக் கட்டுப்பாட்டு விதிக்காக அந்தப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் உள்ள தகட்டில் மருந்தின் பெயரும் ஏற்றிய வருஷமும் பொறித்திருக்கும். நல்ல வேலைக்காரர் அந்தப் பலகையைப் பெயர்த்துப் போடுவார், அல்லது மேலே பூச்சடித்து மூடுவார். மலாயா மரம் ஒரு காலத்தில் வீடாகக் கப்பலேறிப் போனது. இன்னொரு காலத்தில் பெட்டியின் தரையாக உலகம் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது.

இதே பெட்டிக்குள் நம் மாநிலத்தில் வேறு ஆட்களும் படுத்தார்கள். 2020 டிசம்பரில் காஜாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையைச் சோதனையிட்டபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அடுக்கி வைத்த கண்டெய்னர்களில் நெருக்கியடித்துக் கிடந்தது தெரியவந்தது. அப்போதைய மனிதவள அமைச்சர் எம். சரவணன் அதை நவீன அடிமைத்தனத்துக்கு ஒப்பிட்டார். தொழிலாளர் வசிப்பிடத்துக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும்தான் இருந்தது. லயத்துக்கு எழுதிய சட்டத்தை 2019-இல் திருத்தித் தொழிற்சாலைகளுக்கும் நீட்டினார்கள். தங்கும் விடுதியில் தலைக்கு 3 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. இருபதடிப் பெட்டியின் உட்பரப்பு 14 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விதிப்படி நான்கு பேர். செகிஞ்சானில் அதே அளவில் இருவர் படுத்து, இடம் அடக்கமாக அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறோம். சின்ன இடம் அழகாகத் தெரிவதற்கு, மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்து பெரிய வீட்டுக்குத் திரும்ப முடிவது பெரிய காரணம் என்பது என் கட்சி.

பெட்டி ஜெயித்ததும் சாக்கடைக் குழாய்க்கும் ஆசை வந்தது. ஆஸ்திரியாவில் ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ராவுஸ் என்ற கலைஞர் கான்கிரீட் குழாயில் கட்டில் போட்டார். மெக்சிகோக்காரர்கள் 2010-இல் அவற்றை முக்கோணமாக அடுக்கினார்கள். நம்மவர்களும் குழாய் அறை கட்டிவிட்டார்கள். இப்போது சீனத் தொழிற்சாலைகளிலிருந்து விண்கலம் போல உருண்டையான வெள்ளைக் கூடுகள் வருகின்றன.

போலிகளும் வந்தாயிற்று. சரக்கே ஏற்றாத புதுக் கெபினுக்கு அலைத்தகடு ஒட்டி, துறைமுகப் பெட்டி மாதிரி எண்களை எழுதி நிறுத்துகிறவர்கள் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உண்மைப் பெட்டியின் கதவில் நான்கு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். சரக்குப் பெட்டி என்றால் நான்காவது எழுத்து 'யு'. அடுத்து ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஏழாவது இலக்கம் தனியாக இருக்கும். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால்தான் அந்தக் கடைசி இலக்கம் வரும். துறைமுகக் கிராணி எண்ணைத் தப்பாக எழுதினால் பிடிப்பதற்காக வைத்த ஏற்பாடு. கணக்கைப் போட்டுத் தரும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. வயலில் மழை பிடித்து வெளியே போக முடியாத மத்தியானத்தில் கைப்பேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அலங்காரத்துக்கு எழுதிய எண் பெரும்பாலும் அங்கே உதைக்கும்.